எங்கேஜ் சத்தத்தின் வரலாறு



2025ஆம் ஆண்டுத் தீபாவளி ஒக்டோபர் 20ஆம் திகதி, திங்கட்கிழமை வந்தது. ஓக்லாந்தில் அன்றிரவு ஏழேமுக்கால் மணி என்பது பலகாரத் தட்டைப் படம் பிடித்து ஊருக்கும் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் அனுப்பும் நேரம். சரியாக 7.48க்கு, அமெரிக்காவின் வட வேர்ஜீனியாவில் அமேசன் கம்பனி நடத்தும் ஒரு பெரிய தரவுத்தளம் இணையத்தில் எட்டாமற் போயிற்று. அதை நம்பியிருந்த சிக்னல், ஸ்னப்சற் முதலிய எத்தனையோ சேவைகள் உலகெங்கும் தடுமாறின. எல்லாம் வழமைக்குத் திரும்ப நமக்கு மறுநாள் முற்பகல் ஆகிவிட்டது.

அன்றிரவு பல வீடுகளில் நடந்ததை நீங்களே அறிவீர்கள். படம் போகவில்லை. திரும்ப அழுத்தினோம். போகவில்லை. இன்னும் நாலு தரம் அழுத்தினோம். அந்த “திரும்ப அழுத்துதல்” பற்றியதுதான் இந்த மாத உரை. நான் கணினிப் பொறியியலாளன் அல்லன். வர்த்தகம் படித்துக் கணக்காளனாக வேலை செய்பவன். ஆனால் இந்த விடயத்தை ஆராய எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதைப் பின்னால் ஒப்புக்கொள்கிறேன்.

கோபன்ஹேகனில் ஒரு கணக்கு

எங்கள் தலைமுறைக்கு இணைப்புக் கிடைக்காமை புதிய விடயமல்ல. யுத்தகாலத்தில் யாழ்ப்பாணத்துக்கோ வன்னிக்கோ நேராகத் தொலைபேசி எடுக்க முடியாத ஆண்டுகள் இருந்தன. வெள்ளவத்தையிலோ வவுனியாவிலோ ஒரு கொமினிகேசன் கடைக்கு அம்மா வந்து காத்திருப்பார். நாங்கள் இங்கே காட்டைச் சுரண்டி எண்ணை அழுத்துவோம். எங்கேஜ். மறுபடி எங்கேஜ். அந்தச் சத்தம் எங்கள் காதில் இன்னமும் இருக்கிறது.

அந்தச் சத்தத்தை முதன்முதலில் கணக்காக எழுதியவர்களில் முக்கியமானவர் அக்னர் ஏர்லாங் என்ற டென்மார்க் நாட்டவர். 1878இல் பிறந்தவர். கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியில் வேலை பார்த்தவர். 1909இல் ஒரு கட்டுரையும், 1917இல் இன்றுவரை பயன்படும் சூத்திரத்தையும் வெளியிட்டார். கேள்வி எளிமையானது: ஓர் ஊரில் இத்தனை பேர் அழைக்கிறார்கள் என்றால், எத்தனை கம்பி வேண்டும்?

மணித்தியாலத்துக்கு 60 அழைப்பு, ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிடம் என்று வைப்போம். மொத்தம் 180 நிமிடப் பேச்சு. 3 கம்பி இருந்தால் 180 நிமிடம் கிடைக்கும், போதும் என்று நினைப்போம். கணக்காளனாகிய நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காக வருவதில்லை. சில நேரம் கூட்டமாக வரும், சில நேரம் எவரும் வரார். ஏர்லாங்கின் சூத்திரப்படி 3 கம்பி மட்டும் இருந்தால் ஏறக்குறைய மூன்றில் ஓர் அழைப்பு எங்கேஜ் ஆகும். 5 கம்பி போட்டால் நூற்றுக்குப் பதினொன்று. 8 கம்பி போட்டால் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. எந்தச் சேவையும் தன் சராசரித் தேவைக்கு மேலாக ஓரளவு இடத்தைச் சும்மா வைத்திருக்க வேண்டும் என்பதை அவர் எண்ணால் காட்டினார். 1946இல் தொலைபேசிப் போக்குவரத்தின் அலகுக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

அந்தச் சூத்திரத்தில் ஓர் அனுமானம் இருந்தது. எங்கேஜ் சத்தம் கேட்டவர் தொலைபேசியை வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார் என்பதே அது. சாதாரண நாளில் அது ஓரளவு சரி. 2004 டிசம்பர் 26 சாதாரண நாள் அல்ல. நமக்கு அது கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள் பின்னேரம். முல்லைத்தீவும் வடமராட்சி கிழக்கும் மட்டக்களப்பும் அம்பாறையும் கடலால் அடிக்கப்பட்ட செய்தி வந்தபோது, எங்கேஜ் சத்தம் கேட்டுவிட்டுப் படுக்கப் போனவர் எவர்? கரையோரத்தில் கம்பிகள் அறுந்திருந்தன. மிஞ்சிய கம்பிகளில் உலகம் முழுவதும் இருந்த உறவுகள் ஒரே நேரத்தில் விழுந்தார்கள். கிடைக்காத ஒவ்வோர் அழைப்பும் அடுத்த நிமிடம் இன்னோர் அழைப்பாகத் திரும்பி வந்தது. ஏர்லாங்கின் கணக்கில் இல்லாத மனிதர்கள் நாங்கள்தான்.

பசிபிக் கடலில் கிடைத்த விடை

கிடைக்காதவர் திரும்பத் திரும்ப அழைத்தால் என்ன செய்வது? அதற்கு நல்லதொரு விடை நாங்கள் வாழும் இதே பசிபிக் கடலில் கிடைத்தது. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சனும் அவரது குழுவினரும் தீவுகளுக்கிடையே கணினிகளை வானொலி அலை மூலம் இணைத்தார்கள். அதன் பெயர் அலோகாநெற். எல்லாக் கணினிகளும் ஒரே அலைவரிசையில் பேசின. இரண்டு ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு செய்தியும் கெட்டுவிடும். உடனே இரண்டும் திரும்பப் பேசினால் மறுபடியும் மோதும். ஆகவே ஒவ்வொன்றும் குத்துமதிப்பான, வேறுவேறான நேரம் காத்திருந்து பேச வேண்டும் என்று விதித்தார்கள். சில ஆண்டுகளில் கலிபோர்னியாவில் பிறந்த ஈதர்நெற் இதற்கு மேலும் ஒரு படி போயிற்று. ஒருமுறை மோதினால் கொஞ்சம் பொறு; மறுமுறை மோதினால் அதைப்போல் இரு மடங்கு பொறு; அதற்கும் மேல் என்றால் இன்னும் இரு மடங்கு.

இந்தப் பாடத்தை இணையம் முழுவதும் உடனே படிக்கவில்லை. 1986 ஒக்டோபரில் கலிபோர்னியாவில் லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பேர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான இணைப்பு படுத்துவிட்டது. தூரம் வெறும் 400 யார். செக்கனுக்கு 32,000 பிற் போக வேண்டிய பாதையில் 40 பிற்தான் போயிற்று. பாதை அறுபடவில்லை. பதில் வரத் தாமதமானதும் ஒவ்வொரு கணினியும் அதே செய்தியைத் திரும்ப அனுப்பியது. திரும்ப அனுப்பிய செய்திகளே பாதையை நிரப்பின. வன் ஜேகப்சன் என்ற ஆய்வாளர் இதை ஆராய்ந்து, நெரிசல் தெரிந்தால் அனுப்புபவர்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற முறையை வகுத்து 1988இல் வெளியிட்டார். நாங்கள் இன்று இணையத்தைப் பயன்படுத்துவது அந்த ஒழுக்கத்தின் மேல்தான்.

ஸ்கைப் படுத்த இரண்டு நாள்

அதன்பின்னும் அதே நோய் வேறு உருவத்தில் வந்தது. 2003இல் தொடங்கிய ஸ்கைப், காட் சுரண்டும் வேலையை நம்மில் பலருக்கு நிறுத்தி வைத்தது. 2007 ஓகஸ்ட் 16ஆம் திகதி அது உலகம் முழுவதும் படுத்தது. இரண்டு நாள் எழும்பவில்லை. கம்பனி சொன்ன காரணம் வேடிக்கையானது. மைக்ரோசொப்ட் வழமையாக அனுப்பும் விண்டோஸ் திருத்தம் வந்ததால், உலகெங்கும் ஏராளமான கணினிகள் கொஞ்ச நேரத்துக்குள் தாமாக நின்று மீண்டும் தொடங்கின. தொடங்கியதும் எல்லாம் ஒரே நேரத்தில் ஸ்கைப்பின் கதவைத் தட்டின. அந்தக் கூட்டத்தைத் தாங்கவேண்டிய மென்பொருளில் ஒரு குறை மறைந்திருந்தது. முன்னரும் இத்தகைய திருத்தங்கள் வந்து எதுவும் நடக்காமல் போனதுண்டு. அந்த முறை குறை வெளிப்பட்டுவிட்டது.

2010 டிசம்பர் 22இல் மறுபடியும் ஏறக்குறைய ஒரு நாள். சில சேர்வர்களுக்குச் சுமை கூடிப் பதில் தாமதமானது. தாமதமான பதிலைக் கையாளத் தெரியாத ஒரு பதிப்பு, பாவனையாளர்களின் கணினிகளில் நொறுங்கியது. விழுந்த கணினிகளின் பாரம் நிற்கும் கணினிகளில் ஏறியது, அவையும் விழுந்தன. நாலு பேர் தூக்கிய சுமையில் ஒருவர் கைவிட்டால் மற்ற மூவரின் கதி என்ன என்பது நமக்குத் தெரியும். அந்த ஸ்கைப் 2025 மே மாதம் சேவையை முடித்துக்கொண்டது.

தரவுத்தளம் என்ற சங்கக்கடை

இனித் தரவுத்தளத்துக்கு வருவோம். முகில் என்று சொன்னாலும் அது எங்கோ ஒரு கட்டடத்தில் நிற்கும் கணினிதான். அதில் ஒரு பெரிய பேரேடு இருக்கிறது. நமது பெயர், கணக்கு, செய்தி எல்லாம் அதில் பதிவு. அந்தப் பேரேட்டைப் பார்க்க வருபவர் ஒவ்வொருவருக்கும் ஓர் “இணைப்பு” வேண்டும்.

சங்கக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்குள் நூறு பேர் நிற்கலாம். நூற்றோராவது ஆள் வந்தால் வாசலில் மறிப்பார்கள். கணினிப் பேரேடும் அப்படித்தான். பரவலாகப் பயன்படும் போஸ்ற்கிரஸ் என்ற தரவுத்தளம், நாம் எதையும் மாற்றாவிட்டால் ஒரே நேரத்தில் 100 இணைப்பை ஏற்கும். மைஎஸ்கியூஎல் என்பது 151. அதற்கு மேல் வருபவருக்கு “இணைப்புகள் கூடிவிட்டன” என்ற பிழைச்செய்தி. எண்ணைக் கூட்டிவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஒவ்வோர் இணைப்பும் நினைவகத்தில் இடம் பிடிக்கும். கூட்டிக்கொண்டே போனால் கடைக்குள் மூச்சு முட்டி, உள்ளே நிற்பவருக்கும் சாமான் கிடைக்காது.

இப்போது என் ஒப்புதல் வாக்குமூலம். சில ஆண்டுகளுக்கு முன், நமது வானொலிக்கு நிதி சேர்க்கும் நாள். நேயர்கள் இணையப் பக்கத்தில் பெயரையும் தொகையையும் பதியலாம் என்று அறிவித்தோம். ஒலிவாங்கியில் நான். முதல் மணித்தியாலம் நன்றாகப் போயிற்று. பிறகு பக்கம் திறக்கவில்லை என்று அழைப்பு வரத் தொடங்கியது. நான் உற்சாகமாக, “சோராதீர்கள், திறக்கும்வரை அழுத்திக்கொண்டே இருங்கள்” என்று வானலையில் சொன்னேன். ஒருமுறை அல்ல, பாட்டுக்குப் பாட்டு சொன்னேன். பக்கம் முற்றாகப் படுத்தது.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் தொண்டர் ஒருவர் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். “அங்கிள், இங்க பாருங்கோ, முக்கால்வாசிப் பேர் நித்திரை.” பட்டியலில் இருந்த இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு எதிரே “தூக்கம்” என்ற பொருள்படும் சொல். அதாவது, வந்தவர் வேலை முடிந்தபின்னும் கடையை விட்டு வெளியேறவில்லை. எங்கள் பக்கத்தை எழுதியவர் இணைப்பை மூடும் வரியை ஓரிடத்தில் விட்டுவிட்டார். அந்தத் தரவுத்தளம், நாம் மாற்றாவிட்டால், சும்மா நிற்கும் ஓர் இணைப்பை 28,800 செக்கன், அதாவது 8 மணித்தியாலம், பொறுத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, மொத்தத் தொகையைப் பத்துச் செக்கனுக்கு ஒருமுறை கூட்டிப் பார்க்கும் ஓர் அறிக்கையை நானே என் கணினியில் ஓடவிட்டிருந்தேன். எவ்வளவு சேர்ந்தது என்று அறியும் கணக்காளனின் ஆசை!

அவர் செய்தது மூன்று வேலை. என் அறிக்கையை நிறுத்தினார். தூங்கும் இணைப்புகளை வெளியேற்றி, பொறுக்கும் நேரத்தை ஒரு நிமிடமாகக் குறைத்தார். மூன்றாவது வேலை எனக்கானது. “அங்கிள், அரை மணித்தியாலம் ஒருத்தரும் அழுத்த வேண்டாம் எண்டு சொல்லுங்கோ.” சொன்னேன். இருபது நிமிடத்தில் பக்கம் எழும்பியது. ஆனால் முன்னர் முயன்று களைத்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்களோ, அந்தக் கணக்கு என் பேரேட்டில் இல்லை.

பெரிய இடங்களில் இதற்கு ஒழுங்கான வழி உண்டு. சங்கக்கடையில் நூறு பேரும் உள்ளே போவதற்குப் பதிலாக, வாசலில் ஒருவர் அட்டைகளை வாங்கி, உள்ளே இருக்கும் நாலைந்து பேரிடம் முறையாகக் கொடுத்து வாங்கினால் எப்படி? அந்த வேலையைச் செய்யும் பிஜிபவுன்சர் என்ற இலவச மென்பொருளை 2007இல் வெளியிட்டவர்கள் ஸ்கைப் பொறியியலாளர்களே. ஆயிரம் பேர் வெளியே நின்றாலும் உள்ளே சில பத்து இணைப்புகளே திரும்பத் திரும்பப் பயன்படும்.

பெரிய கம்பனிக்கும் அதே கதை

எங்களுடைய சின்ன வானொலிக்கு நடந்தது பெரியவர்களுக்கும் நடந்திருக்கிறது. 2015 செப்டம்பர் 20ஆம் திகதி, அமேசனின் டைனமோ டிபி என்ற முகில் தரவுத்தளம், அதே வட வேர்ஜீனியாவில், ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் தடுமாறியது. அங்கே ஆயிரக்கணக்கில் சேமிப்புச் சேர்வர்கள். எந்தச் சேர்வர் எந்தத் தரவுக்குப் பொறுப்பு என்பதை ஒரு மையப் பதிவேடு சொல்லும். அதைக் கேட்டு உறுதிசெய்ய முடியாத சேர்வர் தானாகவே வேலையிலிருந்து விலகிக்கொள்ளும். அன்று வலையமைப்பில் சிறு தடங்கல். தடங்கல் நீங்கியதும் ஏராளமான சேர்வர்கள் ஒரே நேரத்தில் பதிவேட்டைக் கேட்டன. புதிய வசதிகளால் பதில்கள் முன்னரைவிடப் பெருத்திருந்தன. குறித்த நேரத்துக்குள் கொடுக்க முடியவில்லை. பதில் கிடைக்காதவை திரும்பக் கேட்டன. பதிவேட்டுக்கு மேலதிகக் கணினிகளைச் சேர்க்கலாம் என்றால், அந்தக் கட்டளையைக் கேட்கவும் அதற்கு நேரமில்லை! கடைசியில் கேள்விகளையே சிறிது நேரம் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் புதிய கணினிகளைச் சேர்த்தார்கள்.

தீபாவளி இரவுக்குத் திரும்புவோம். அன்று தொடக்கக் காரணம் சுமை அல்ல. இணையத்தின் முகவரிப் புத்தகத்தைப் பராமரிக்கும் இரண்டு தானியங்கி நிரல்கள் ஒன்றையொன்று முந்த, டைனமோ டிபியின் முகவரி வெறுமையாகிவிட்டது. நமது நேரம் இரவு பத்தரைக்குள் முகவரியைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனாலும் மறுநாள் வரை இழுத்ததற்குக் காரணம் அதற்குப் பிறகு வந்த நெரிசல். கணினிகளை ஒதுக்கிக் கொடுக்கும் பகுதி, தன்னிடம் இருந்த ஏராளமான கணினிகளுடன் அறுந்துபோன தொடர்பை ஒரே மூச்சில் புதுப்பிக்க முயன்றது. ஒன்றை முடிப்பதற்குள் மற்றதன் தவணை முடிந்தது. முடிந்ததும் மறுபடி வரிசைக்கு வந்தது. வேலை நடந்தபடியே இருந்தது, எதுவும் நிறைவேறவில்லை. பொறியியலாளர்கள் வரும் வேலையை மட்டுப்படுத்தி, சில கணினிகளை நிறுத்தித் திரும்பத் தொடங்கிய பிறகே மூச்சு வந்தது.

இப்போது முகில் நம் வாசலுக்கே வந்துவிட்டது. மைக்ரோசொப்ட் 2024 டிசம்பரிலும் அமேசன் 2025 செப்டம்பரிலும் ஓக்லாந்திலேயே தங்கள் தரவு நிலையங்களைத் திறந்தன. தூரம் குறைந்தது நல்லது. ஆனால் 1986இல் தூரம் 400 யார்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

யாரை முதலில் விடுவது?

வரிசை ஒன்றை ஏற்படுத்தினால் கணினி பிழைக்கும். வரிசையில் நிற்கும் மனிதருக்கு அது போதுமா? இதற்கும் நியூசிலாந்திலேயே ஓர் உதாரணம் உண்டு. கொரோனாக் காலத்தில் நாடு திரும்புவோர் தனிமைப்படுத்தும் விடுதியில் அறை பதிய வேண்டியிருந்தது. முதலில், விரைந்து அழுத்தியவருக்கு அறை. இரவு பகலாகப் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்த குடும்பங்கள் நம்மிடையேயும் இருந்தன. 2021 செப்டம்பர் 20ஆம் திகதி “மெய்நிகர் காத்திருப்பு அறை” வந்தது. குறித்த நேரத்துக்கு முன் வந்தவர்களையெல்லாம் குலுக்கல் முறையில் வரிசைப்படுத்தினார்கள். முதல் நாளே 3,000க்குச் சற்று மேற்பட்ட அறைகளுக்கு 30,000க்கும் மேற்பட்டோர் நின்றார்கள்.

நெரிசலுக்கு அது நல்ல மருந்து. ஆனால் குலுக்கலுக்குத் தாயின் மரணப்படுக்கையும் தெரியாது, விடுமுறைப் பயணமும் தெரியாது. விசேட காரணங்களுக்கு வேறு வழி இருந்தாலும் அது மிக ஒடுக்கமான வாசல். 2022 ஏப்ரல் 27ஆம் திகதி உயர் நீதிமன்றம், 2021 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அந்த ஒதுக்கீட்டு முறை, தேவையின் அளவைக் கவனியாததால், குடிமக்கள் சிலரின் நாடு திரும்பும் உரிமையை நியாயமற்ற வகையில் மட்டுப்படுத்தியது என்று தீர்ப்பளித்தது. வரிசையைக் கணினி அமைக்கலாம். யாருக்கு முதலிடம் என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். மண்ணெண்ணெய் வரிசையில் கைக்குழந்தையுடன் வந்த தாயை எவரும் சொல்லாமலே முன்னுக்கு விட்ட மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நேயர்களே, மறுபடியும் ஓர் ஆபத்து வேளை வரும். ஊரிலோ இங்கோ, வெள்ளமாகவோ நிலநடுக்கமாகவோ வரலாம். அன்று ஒரு குடும்பத்தில் பத்துப் பேரும் ஒரே இலக்கத்துக்கு அழைக்காமல், ஒருவர் அழைத்து மற்றவர்களுக்குச் சொல்லட்டும். குரல் அழைப்புக்கு முன் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். அதற்குச் சிறு இடம் போதும். கிடைக்காவிட்டால் ஒரு நிமிடம் பொறுங்கள். அதற்கும் கிடைக்காவிட்டால் இரண்டு, பிறகு நாலு. உங்கள் பொறுமையால் திறக்கும் அந்தக் கம்பியில் போவது, 111க்கு அழைக்கும் இன்னொரு தாயின் குரலாக இருக்கலாம்.

அடுத்த நிதி சேர்க்கும் நாளில் ஒலிவாங்கியில் நான்தான் இருப்பேன். பக்கம் திறக்காவிட்டால் அழுத்திக்கொண்டே இருக்கச் சொல்லமாட்டேன். ஒரு நல்ல பாட்டுப் போடுவேன். கேட்டு முடித்துவிட்டு வாருங்கள்.